உள்ளே: ஒருவர்

கொம்பனித்தெருவில், வாவிப் பக்கம்,
இருபத்திரண்டு மாடிக்கு அடியில் இரண்டாம் நிலவறை.
எனக்கு ஒரு கதிரை, ஆறு திரை,
தலையாட்டும் மின்விசிறி ஒன்று.

புது மென்பொருள் வந்திருக்கிறது. மூன்று மொழி பேசுமாம்.
சிங்களப் பெட்டிகளை ருவினி நிரப்பிவிட்டாள்.
"தமிழுக்கு நீங்கள்தானே" என்றார் முகாமையாளர்,
மத்தியானப் பார்சலுக்கு ஆள் எண்ணுகிற குரலில்.
ஒரு பெட்டிக்கு இருபது எழுத்து.
கொம்பும் புள்ளியும் தனித்தனி எழுத்தாம் அதற்கு.

அட்டைதாரர். எளிது.
அனுமதி மட்டம். சரி.
காலாவதி: எழுதிவிட்டுப் பார்த்தேன்,
யோகட் கோப்பைக்கும் மனிதருக்கும் ஒரே சொல்.

ஒருவர் அட்டையில் இன்னொருவர் பின்னாலேயே புகுவதற்கு
முதலில் 'வால்பிடித்தல்' என்று போட்டேன்.
பதினெட்டாம் மாடி முழுக்க அலாரம் அடிக்கும் என்று தோன்ற
'ஒட்டி நுழைதல்' ஆக்கினேன்.

மின்சாரம் போனால் தானே திறக்கும் பூட்டு ஒரு வகை,
போனால் இறுகிக்கொள்ளும் பூட்டு இன்னொரு வகை.
முதலாவது ஆளைக் காக்கும், மற்றது அறையைக் காக்கும்.
தமிழில் இரண்டும் பாதுகாப்பு.
தேநீர் ஆறிப்போனது.

பிறகு 'நெருக்கடி விரல்'.
முதுகில் கத்தி வைத்துத் திற என்றால்
வலது சுட்டுவிரலை விட்டு இடது சின்னவிரலை வை.
கதவு வழக்கம்போல் திறக்கும், பச்சை எரியும்,
என் திரையில் மட்டும் சத்தமில்லாமல் ஒரு வரி விழும்.
பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைப்பையில் மடித்து
சாவடிக்குச் சாவடி அப்பா சிரித்த சிரிப்பு
அப்படியொரு விரல்தான்.
எந்தத் திரையிலும் வரி விழவில்லை.

வியாழன் காலை தீ ஒத்திகை.
எல்லோரும் கார் தரிப்பிடத்தில், வெயிலில், கைப்பேசியில்.
அட்டை தட்டத் தட்ட எண் இறங்கியது:
நாற்பது, பன்னிரண்டு, மூன்று.
ஒன்றில் நின்றது.

உள்ளே: 1.
மரியபுஷ்பம். துப்புரவு. ஏழாம் வலயம்.

நானும் காவலர் ஜுனைதீனும் படியேறி ஓடினோம்.
கழிப்பறைகள், சமையலறை, துடைப்பக் கட்டைகள் நிற்கும் அலுமாரி.
ஒரு சோடி ரப்பர் கையுறை, அவ்வளவுதான்.
மூச்சிரைக்க ஜுனைதீன் சொன்னார்:
அவளை நிறுத்திப் பதினொரு நாள்.
இரண்டு கையிலும் வாளி என்று
யாரோ கதவைப் பிடித்துக்கொண்டார்களாம், மரியாதைக்கு.
அட்டை தட்டாமல் போய்விட்டாள்.
பதினொரு நாளாக, கணினி அறிந்தவரை,
ஏழாம் மாடியைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள்.

அழைத்தேன். மட்டக்குளியில் பஸ் இரைச்சல்.
"எம் பேரு இன்னும் அங்கதான் இருக்கா தம்பி?"
சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.
"அழிச்சிடாதீங்க. ரெண்டு மாச ஓவர்டைம் வரணும்.
ஆளே வரலைன்னு சொல்றாங்க."

இரவு திரும்பப் பட்டியலுக்கு வந்தேன்.
மிச்சம் ஒரே சொல்.
உள்ளே மாட்டிக்கொண்ட பெயரை விடுவிக்கிற பொத்தான்.
ஆங்கிலக்காரன் அதற்கு 'மன்னி' என்றே பெயர் வைத்திருக்கிறான்.
ஐந்து எழுத்து, கொம்பு புள்ளி எல்லாம் சேர்த்து.
தாராளமாகக் கொள்ளும்.

யார் யாரை என்று பெட்டி கேட்கவில்லை.
நானும் நிரப்பவில்லை.
அவள் வந்துபோன நேரங்களை மட்டும்
ஒரு கிழமை விடாமல் அச்செடுத்து,
நாலாய் மடித்து, சட்டைப்பையில் வைத்தேன்.

விடியற்காலை நாலரை.
கட்டடம் வெறுமை. வாவியில் மழை.
மூலையில் சின்னப் பச்சை எழுத்தில்
உள்ளே: 2.
ஒன்று நான்.